பதினொன்று நாற்பது

பந்தயக் குதிரைகள் எல்லாவற்றுக்கும்
ஒரே பிறந்தநாள்.
பிப்ரவரியில் விழுந்ததற்கும் மே மாதத்ததற்கும்
ஜனவரி முதல் தேதி ஒரு வயது கூடும்.
கார்த்வெய்ட் லாயத்தில் புதுப் பையன்களுக்கு
இதைத்தான் முதலில் சொல்வார்கள்.

டாம்சன் மூன்று வாரம் முந்திக்கொண்டது.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றின் கடைசி இரவு.
வைக்கோலில் பனிக்குடம் உடைந்து
முன்னங்கால்களும் மூக்கும் வெளியே வந்து
மீதியும் வழுக்கி விழுந்தபோது
சைலஸ் டோர்டாஃப் பார்த்தது கடிகாரத்தை,
குட்டியை அல்ல.

பதினொன்று நாற்பது.
இன்னும் இருபது நிமிடத்தில்
ஈரம் காயாத இந்தப் பெட்டைக்கு
காகிதத்தில் ஒரு வயது.
நிற்கத் தெரியாதது இனி
ஒரு வருடம் மூத்ததுகளோடு ஓடவேண்டும்.

"என் கடிகாரம் கொஞ்சம் முந்தி ஓடும், பிரபு"
என்றான் சைலஸ்.
யாரும் அவனைக் கேட்கவில்லை.
வாளியோடு நின்ற பையன் உத்தரத்தைப் பார்த்தான்.

ஆம்ப்ரோஸ் டார்ன்ப்ரூக், ஏழாம் பிரபு,
விருந்துச் சட்டையின் கையை முழங்கைவரை மடித்திருந்தார்.
ஒன்பதாயிரம் ஏக்கர், ஒரு ஈயச் சுரங்கம்,
மீனோடும் ஆற்றில் நான்கு மைல்:
எல்லாம் எட்டு நிமிடத்தில் வந்தவை.
இரட்டையரில் அவர் மூத்தவர்.
இளையவன் எவ்ரார்டுக்கு ஒரு வாள், ஒரு கப்பல் சீட்டு,
டர்பனுக்கு அப்பால் எங்கோ குடல் காய்ச்சல்.

மூத்ததன் மணிக்கட்டில் நீலநூல் கட்டினார்களாம்.
முதல் குளியலில் அது தண்ணீரில் மிதந்தது.
தாதி டார்கஸ்
கைக்கு எட்டியதன் கையில் திரும்பக் கட்டிவிட்டாள்.
முப்பது வருடம் கழித்துச் சாகும்போது
அவரிடம் மட்டும் சொன்னாள்,
மன்னிப்பெல்லாம் கேட்காமல்.

குதிரைப் பித்து அதற்குப் பிறகு வந்ததுதான்.
தாய், தந்தை, நாள், நேரம், நெற்றிச் சுழி
எல்லாவற்றையும் தன் கையாலேயே எழுதுவார்.
அந்தப் பேரேட்டில் அடித்தல் திருத்தல் கிடையாது.
கிழக்குப் பண்ணைக் குடித்தனக்காரர்களின் கூரை
ஆறு மழைக்காலமாக ஒழுகுகிறது.
அது வேறு பேரேடு.

சைலஸ் கடிகாரத்தை நீட்டினான்,
முள்ளை நகர்த்தும் திருகை வெளியே இழுத்து.
பிரபு வாங்கினார்.
திருகை உள்ளே அழுத்தினார்.
"பேனா."

சைலஸ் வெளியே போய்ப் பனியில் துப்பினான்.
கோயில் மணி அடித்தபோது
குட்டி நான்காம் முறை விழுந்து எழுந்து
மடியென்று நினைத்து
தாயின் முழங்காலை முட்டிக்கொண்டிருந்தது.
வயது ஒன்று.

ப்ளூ த்ரெட் என்று பெயர் வைத்தார்.
குதிரைப் பெயருக்கு யார் காரணம் கேட்கிறார்கள்?
யார்க்கில் ஒன்பதில் ஒன்பதாவது.
ரிப்பனில் எட்டில் எட்டாவது.
டான்காஸ்டரில் ஏழு ஓடி ஆறாவதாக வந்தது,
ஒன்று இடறி விழுந்ததால்.
பந்தயம் கட்டுகிறவர்கள் அதைப் 'பிரபுவின் மனசாட்சி' என்றார்கள்,
சீட்டைக் கிழித்துக்கொண்டே.

பதினைந்தாம் வருடம் ஏப்ரலில்
பட்டாளத்துக்குக் குதிரை பிடிக்க வந்த கேப்டன்
டாம்சனையும் இன்னும் இருபத்திரண்டையும் ஒதுக்கினான்.
இதற்குக் காகிதத்தில் நான்கு வயது.
நான்கென்றால் எடுக்கலாம்.
உதட்டைத் தூக்கிப் பல்லைப் பிடித்துப் பார்த்தான்.
நடுப்பல் இரண்டு மட்டும் முளைத்திருந்தது,
பக்கத்தில் இன்னும் பால்பல்.

"இது மூன்று. உங்கள் காகிதம் பொய், பிரபு."

இருபது வருடப் பேரேடு அவர் கக்கத்தில் இருந்தது.
அவர் அதைத் திறக்கவில்லை.
தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டு
மறுபடி போட்டுக்கொண்டார்.

இருபத்து மூன்றும் ரயிலடிக்குப் போகும் சாலையில் இறங்கின.
டாம்சன் ஒருமுறை கனைத்தது.
ப்ளூ த்ரெட் வேலிக்கு இந்தப் பக்கம்
அதோடு ஓடியது,
வாழ்நாளில் ஓடாத வேகத்தில்,
கற்சுவர் வந்து மறிக்கிறவரை.